யார் தோளில் பெரிய முடிச்சு

பம்பாயில் மாதுங்கா தெலங் ரோட்டில் இரண்டாவது மாடியில் குடியிருந்த நாகலக்ஷ்மிக்கு, எண்பத்து மூன்றாம் வருஷம் நாற்பத்தாறு வயது. ஃபோர்ட்டில் ஒரு கப்பல் ஏஜன்சி ஆபீஸில் இருபத்து நாலு வருஷமாக ஸ்டெனோ. டைப்ரைட்டர் மேல் விரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே டெலிபோன் அடித்தால், ரிசீவரை எடுத்து இடது காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே அடிப்பாள். ஆபீஸில் வேறு யாருக்கும் அது வராது. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தலைவலி எப்போது ஆரம்பித்தது என்று அவளுக்கே நினைவில்லை. இடது நெற்றிப்பொட்டில், கம்பியைச் சூடாக்கி வைத்த மாதிரி ஒரு வலி. கண்ணாகத்தான் இருக்கும் என்று இரண்டு தடவை கண்ணாடியை மாற்றினாள். டாக்டர் வயசாகிறது என்றார். கணவர் பஞ்சு செய்தித்தாளை இறக்காமலே, "தைலம் தடவிக்கோயேன்" என்றார்.

கீழ்வீட்டு ருக்குவுக்கு மணிக்கட்டு உடைந்து, கட்டுப் பிரித்த பிறகு விரல் மடங்கவில்லை. அதற்கு உடற்பயிற்சி செய்து வைக்க தாராவியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளைத்தான் ருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு அனுப்பி வைத்தாள்.

செண்பகவல்லிக்கு நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு முறிந்தவர்களுக்கும் கை கால் விழுந்தவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற பிரிவில் பதினோரு வருஷம் பதிலி ஆயாவாக இருந்தாள். பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், ஆக்கவில்லை. ஆனால் பதினோரு வருஷமும் அவள் சும்மா துடைத்துக்கொண்டிருக்கவில்லை. மாணவர்களுக்குச் சுவரில் படம் மாட்டிப் பாடம் சொல்லும்போதெல்லாம், கையில் துடைப்பத்தோடு கேட்டுக்கொண்டு நின்றாள். வேலையை விட்டபோது அந்தப் படம் முழுவதும் அவள் தலைக்குள் இருந்தது.

நாகலக்ஷ்மியைப் பலகையில் உட்காரவைத்து, வெந்நீரில் பிழிந்த துண்டைத் தோளில் போட்டாள். ஐந்து நிமிஷம் கழித்துத் துண்டை எடுத்துவிட்டு, கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் கட்டைவிரலால் தேடினாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா கெடக்கு பாருங்க, கொட்டப்பாக்கு கணக்கா."

அவள் அழுத்தியதும் நாகலக்ஷ்மி, "ஐயோ!" என்று நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டாள். "தோளைத்தானே அமுக்கறே? தலையில வலிக்கறதே!"

"அப்படித்தான் வலிக்கும் மாமி. முடிச்சு இங்கன, வலி அங்கன. நீங்க நெத்தியில தைலம் தேச்சு என்ன பிரயோஜனம்?"

"முடிச்சுன்னா? நரம்பு முடிச்சுப் போட்டுண்டுடுத்தா?"

"நரம்பு இல்ல, சதை. சதைங்கது நாரு நாராத்தான் இருக்கும், பின்னுன சடை மாதிரி. நீங்க நாளு முழுக்கத் தோளத் தூக்கியே வச்சிருந்தா, அதுல கொஞ்சம் நாரு சுருங்குனது சுருங்குனபடியே நின்னுபோவும். திரும்ப நீளாது. அங்கன ரத்தம் சரியா ஓடாது. தொட்டா உருண்டையா தட்டுப்படும், அதுக்குப் பேரு முடிச்சு. அவுக்குததுக்கு அங்க நெசமான முடிச்சு ஒண்ணும் கெடையாது."

அவள் தேய்க்கவில்லை, பிசையவில்லை. கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்து, பொறுக்கக்கூடிய அளவுக்கு அழுத்தி, அப்படியே நின்றாள். "மூச்ச பையய விடுங்க. இன்னும் விடுங்க." முதல் மூச்சில் உயிர் போயிற்று. நான்காவது ஐந்தாவது மூச்சில் வலி மங்கிக்கொண்டே வந்தது. பிறகு உள்ளே என்னவோ வெண்ணெய் மாதிரி இளகிப்போனதை இரண்டு பேருமே உணர்ந்தார்கள். நாகலக்ஷ்மியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

வலியினால் அல்ல. ரயிலில் இடித்தவர்களைத் தவிர, தன்னைக் கடைசியாக யார் எப்போது தொட்டார்கள் என்று அந்த நிமிஷம் யோசித்துப் பார்த்தாள். பிள்ளை பரோடாவில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தான். பஞ்சு நல்லவர், அவ்வளவுதான். விடை தெரியவில்லை.

அன்றிலிருந்து ஞாயிறு மூன்று மணி செண்பகவல்லிக்கு. பஞ்சு சீட்டாடக் கிளம்பிய கையோடு அவள் வருவாள். முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிக்காகத்தான் திங்கள் முதல் சனி வரை வேலை செய்கிறோமோ என்று நாகலக்ஷ்மிக்குத் தோன்றும். தலைவலி பாதியாகக் குறைந்தது.

இந்த இடத்தில் ஷ்யாமளாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சுவின் தம்பி வெங்கடேஸ்வரனின் மனைவி, நாகலக்ஷ்மிக்கு ஓர்ப்படி. செம்பூரில் வீடு. பத்து வயது இளையவள், பாங்கில் ஆபீஸர், மொபெட் ஓட்டுவாள். ஒரே கடையில் ஒரே கரை போட்ட புடவை இரண்டு பேரும் எடுத்தால், அது அவளுக்குத்தான் நெய்தது போல இருக்கும். கூட்டமான பஸ்ஸில் அவளுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவர்தான் சரியாக அடுத்த ஸ்டாப்பில் இறங்குவார். அவள் மீது குற்றம் சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் நாகலக்ஷ்மிக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

எண்பத்து நாலில் உறவில் ஒரு பூணூல். ஷ்யாமளா கழுத்தைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தாள். எல்லோரும் இருக்கும்போது நாகலக்ஷ்மி பெருந்தன்மையாகச் சொன்னாள்: "நான் என்னோட செண்பகத்தை அனுப்பறேன். ஒரே தடவையில சரியாயிடும்."

ஒரே தடவையில் சரியாகி, செண்பகம் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள். செண்பகமோ அடுத்த புதனும் போனாள், அதற்கடுத்த புதனும் போனாள்.

"எப்படி இருக்கா ஷ்யாமளா?" என்று முதலில் சாதாரணமாகக் கேட்டாள்.

"சின்ன மாமிக்கு உடம்பு சொன்ன பேச்சு கேக்கும். ரெண்டே அமுக்கு, முடிச்சு விட்டுரும்."

"எனக்கு?"

"ஒங்களுக்குக் கல்லு" என்று செண்பகம் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நாகலக்ஷ்மிக்கு நாலு நாள் தூக்கம் கொடுக்கவில்லை. முடிச்சு அவிழ்வதில்கூடவா அவள் முந்திக்கொள்ள வேண்டும்? அடுத்த வாரம் அடக்கமாட்டாமல் கேட்டே விட்டாள்: "யாரோட முடிச்சு பெரிசு?"

"இது என்ன மாமி கேள்வி, பரீட்சை மார்க்கா?" என்றாள் செண்பகம். பிறகு, "ஒங்களதுதான்" என்றாள். நாகலக்ஷ்மிக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

ஆனால் கேட்கக் கேட்க, கேட்கக்கூடாததெல்லாம் தெரிய வந்தது. செம்பூரில் வேலை முடிந்ததும் செண்பகம் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறாளாம். ஷ்யாமளாவின் பெண்களோடு டிவி பார்த்துவிட்டு ஏழு மணிக்குத்தான் புறப்படுகிறாளாம். ஷ்யாமளா அவளிடம் சுவர்ப் படத்தைப் பற்றியெல்லாம் விசாரித்து, தசைகளின் பெயரைக் கற்றுக்கொள்கிறாளாம். "அவ்வொ பாங்குல மத்த பொம்பளையளுக்கும் சொல்லிக் குடுக்காவளாம்" என்று செண்பகம் பூரித்துப் போய்ச் சொன்னபோது, நாகலக்ஷ்மி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தனக்கு ஒரு தசையின் பெயரையாவது கேட்கத் தோன்றவில்லையே. அடுத்த ஞாயிறு அவளும் காபி போட்டு வைத்தாள். செண்பகம் நின்றபடியே குடித்துவிட்டு, கீழே ருக்கு காத்திருப்பாள் என்று இறங்கிப் போனாள்.

அந்த வருஷம் நவம்பரில் செண்பகத்தின் தம்பிக்கு ஊரில் கல்யாணம்.

"மூணு வாரம் இருக்க மாட்டேன் மாமி. சின்ன மாமிக்கு ஆபீஸ்ல இருந்து ஒரு போன் போட்டுச் சொல்லிருங்க. வந்ததும் புதன்கெழம வழக்கம்போல வாரேன்னு."

நாகலக்ஷ்மி போன் செய்தாள். செண்பகம் ஊருக்குப் போய்விட்டாள் என்பதைச் சொன்னாள். அதுவரை உண்மைதான்.

"எப்ப திரும்பி வருவா மன்னி?" என்று ஷ்யாமளா கேட்டாள்.

நாகலக்ஷ்மி ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டைப்ரைட்டரில் பாதி அடித்திருந்த வரியைப் பார்த்தாள். "வர மாட்டாளாம். அங்கேயே தங்கிடப் போறாளாம்" என்று வாய் சொல்லியது. முன்கூட்டி யோசித்துச் சொன்ன பொய் அல்ல அது. ஆனால் சொன்ன பிறகு திருத்த வேண்டும் என்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து செண்பகம் வந்தாள். "இந்தப் புதன் செம்பூர் போவணும்" என்றதும், நாகலக்ஷ்மி தயாராக வைத்திருந்த இரண்டாவது பொய்யைச் சொன்னாள்.

"அவ இனிமே வேண்டாம்னுட்டா. டாக்டர்ட்ட காட்டிக்கப் போறாளாம்."

செண்பகத்தின் கை தோளில் அப்படியே நின்றது. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். வேண்டாம் என்றவர்கள் வீட்டு வாசலில் போய் ஏன் என்று கேட்கிற பெண் அல்ல அவள். அது நாகலக்ஷ்மிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

காலியான புதன்கிழமையையும் நாகலக்ஷ்மியே எடுத்துக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு நாள். நியாயமாகப் பார்த்தால் தலைவலி அடியோடு போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. ஒவ்வொரு ஞாயிறும் செண்பகம் அழுத்திக்கொண்டிருக்கும்போது, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நாகலக்ஷ்மியின் உடம்பு விறைத்துவிடும். ஷ்யாமளாவாக இருந்துவிட்டால்? முன்னறிவிப்பு இல்லாமல் மொபெட்டில் வந்து நிற்கிறவள்தானே அவள். தோள் தானாகக் காதை நோக்கி ஏறும்.

"என்ன மாமி, நான் எறக்க எறக்க நீங்க ஏத்துதிய" என்று செண்பகம் அலுத்துக்கொள்வாள். "விட்டாத்தான் விடும். போன இன்னும் இடுக்குதியளா? மேசை ஒசரமா? நாற்காலில ஒரு மெத்தையப் போட்டுப் பாருங்களேன்." செண்பகமும் முன்போல இல்லை. பேச்சுக் குறைந்திருந்தது. வேலையை முடித்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரியில் ஒரு கல்யாணத்தில் ஷ்யாமளாவைப் பார்த்தாள். கழுத்தில் தடிமனான வெள்ளைப் பட்டை கட்டியிருந்தாள். பட்டுப்புடவைக்கு மேல் அது பயங்கரமாக இருந்தது. மொபெட்டை எடுப்பதில்லை என்றும், மாத்திரை சாப்பிட்டு வயிறு புண்ணாகிவிட்டது என்றும் சொன்னாள்.

"செண்பகம் இருந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்காது, இல்லையா மன்னி?"

"என்ன பண்றது, நம்ம அதிர்ஷ்டம்" என்றாள் நாகலக்ஷ்மி. அவள் கையைப் பிடித்துக்கொண்டு 'உச்' கொட்டவும் செய்தாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, பந்தியில் உட்கார்ந்தபோது அவளுக்குச் சாப்பாடு ருசித்தது. முதல் தடவையாக ஒரு புடவை ஷ்யாமளாவுக்கு எடுப்பாக இருக்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகம் எப்போதும்போல வந்தாள். வெந்நீர்த் துண்டு போட்டாள், அழுத்தினாள், முக்கால் மணியும் முழுசாகச் செய்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள்.

"வெள்ளிக்கெழம மார்க்கெட்டுல சின்ன மாமியப் பாத்தேன்."

நாகலக்ஷ்மி ரவிக்கை ஊக்கை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல பட்டை. என்னயப் பாத்ததும் அழுதுட்டாவ. 'ஊர்லயே தங்கிட்டேன்னு மன்னி சொன்னாளே, எப்ப வந்தே'ன்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்னே?"

"போன வாரந்தான் வந்தேன்னு சொன்னேன். ஒங்களுக்காவ ஒரு பொய் சொன்னேன் மாமி. எனக்கு அது புடிக்கல. குடும்பத்துக்குள்ள நான் எதுக்கு? நீங்களே சொல்லிக்கிடுங்க." கதவருகே போய் நின்று, "நான் இனிமே வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தலைவலிக்குச் சுவரில் சாய்ந்து ரப்பர் பந்தை வைத்து அழுத்திக்கொள்ளும்படியும், அரை நிமிஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டே இறங்கினாள்.

முதல் இரண்டு வாரம் நாகலக்ஷ்மிக்குக் குற்ற உணர்ச்சியைவிட ஆத்திரம்தான் அதிகமாக இருந்தது. இப்போது இரண்டு நாளும் செம்பூர்தானே போவாள்? ஞாயிறு மூன்று மணிக்குச் சுவரில் பந்தை வைத்துச் சாய்ந்து நிற்பாள். பந்து அழுத்தும், ஆனால் பந்துக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியாது. ஆபீஸில் நாற்காலியில் மெத்தை போட்டாள். டெலிபோன் வந்தால் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, கையில் பிடித்துப் பேசினாள். "என்ன மேடம், வேகம் போச்சா?" என்று ஒரு சின்னப் பையன் கிளார்க் கேலி செய்தான். தலைவலி குறைந்தது. வேறு ஏதோ ஒன்று குறையவில்லை.

மே மாதம் ஒரு புதன்கிழமை, ஆபீஸ் விட்டதும் வி.டி. ஸ்டேஷனில் மாதுங்கா வண்டிக்குப் போகாமல் ஹார்பர் லைன் வண்டியில் ஏறிவிட்டாள். செம்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. ஷ்யாமளாவின் மூத்த பெண் கதவைத் திறந்து, "பெரியம்மா, அம்மா உள்ளே இருக்கா" என்றாள்.

ஷ்யாமளா கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். செண்பகம் அவள் தோளில் கட்டைவிரலை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், விரலை எடுக்கவில்லை. நாகலக்ஷ்மி முக்காலியில் உட்கார்ந்தாள்.

இன்னொருத்திக்கு அழுத்துவதை அதுவரை அவள் பார்த்ததே இல்லை. தலையணையில் ஒரு பக்கமாகப் பதிந்திருந்த ஷ்யாமளாவின் முகம் வலியில் கோணிக்கொண்டது, வாய் திறந்துகொண்டது, எச்சில்கூட வழிந்தது. மூச்சை விட விட, கொஞ்சம் கொஞ்சமாக முகம் அவிழ்ந்து, கண்ணோரத்தில் நீர் கோத்தது. அழகாகவே இல்லை. தன் முகமும் இப்படித்தானே இருந்திருக்கும் என்று நாகலக்ஷ்மி நினைத்தாள்.

"ஷ்யாமளா, செண்பகம் ஊரிலே தங்கவே இல்லை. மூணே வாரத்துல திரும்பி வந்துட்டா. நான்தான் உன்கிட்ட பொய் சொன்னேன். அவகிட்ட, நீ வேண்டாம்னுட்டேன்னு சொன்னேன். ரெண்டு பொய்யும் என்னோடதுதான்."

வெளி அறையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. முதலில் பேசியது செண்பகம்தான்.

"அட போங்க மாமி. இப்பத்தான் விட்டுச்சு. மறுபடி ஏறிட்டு, இந்தா பாருங்க, கல்லு கணக்கா. ஒரு பத்து நிமிசம் பொறுத்துச் சொல்லிருக்கப்படாதா?"

ஷ்யாமளா முகத்தைத் திருப்பவில்லை. "ஏன் மன்னி?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டாள்.

நாகலக்ஷ்மிக்குப் பல பதில்கள் தெரியும். புடவை, பஸ், காபி, சிரிப்பு. எதையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. "அவ உன்னோட ரொம்ப நேரம் இருந்தா" என்றாள். சொன்ன பிறகு, பள்ளிக்கூடத்துப் பெண் சொல்கிற மாதிரி இருந்தது அவளுக்கே.

"ஆறு மாசம் கழுத்துல பட்டையைக் கட்டிண்டு அலைஞ்சேன்" என்றாள் ஷ்யாமளா. "கல்யாணத்துல என் கையைப் பிடிச்சுண்டேளே." பிறகு, "இப்ப போங்கோ மன்னி" என்றாள்.

நாகலக்ஷ்மி போனாள். காபி குடிக்கச் சொல்ல யாரும் இல்லை.

ஷ்யாமளா கணவனிடம் இதைச் சொல்லவில்லை. பஞ்சுவுக்குக் கடைசிவரை தெரியாது. ஆனால் அவள் ஐந்தாறு மாசம் தெலங் ரோட்டுக்கு வரவில்லை. தீபாவளிக்கு வந்தாள், பட்டை இல்லாமல், மொபெட்டில். பட்சணத்தை மேஜைமேல் வைத்துவிட்டு எல்லோரிடமும் பேசினாள், இவளிடமும் இரண்டு வார்த்தை பேசினாள். கழுத்து நன்றாகத் திரும்பியது. பொங்கலுக்கு நாலு வார்த்தை.

செண்பகம் வருவேன் என்றுதான் பிறகு சொல்லி அனுப்பினாள், ஆனால் ஞாயிறு மூன்று மணி வேறொரு வீட்டுக்குப் போயிருந்தது. மாசத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது. நாகலக்ஷ்மி அதற்குமேல் கேட்கவில்லை.

எண்பத்து ஏழில் வெங்கடேஸ்வரன் வாஷியில் ஃபிளாட் வாங்கிக் குடிபோனார். அப்போது அங்கே ரயில் கிடையாது, கழிமுகப் பாலம் தாண்டி பஸ்ஸில்தான் போக வேண்டும். "அவ்வளவு தொலவு என்னால வர முடியாது" என்று செண்பகம் சொல்லிவிட்டாள். அந்தச் செய்தியைக் கேட்டபோது நாகலக்ஷ்மியின் மனசுக்குள் பழைய சந்தோஷம் ஒன்று துள்ளி எழுந்தது. அதை அவளே பார்த்தாள். பார்த்து, சீ என்று சொல்லி, அந்த ஞாயிற்றுக்கிழமையே சயானில் வாஷி பஸ் ஏறினாள்.

புது வீட்டில் இன்னும் பெட்டிகள் பிரிக்கவில்லை. சாமான் தூக்கித் தூக்கி ஷ்யாமளாவுக்கு இடது தோள் பிடித்துக்கொண்டிருந்தது.

"பலகையில உட்காரு" என்றாள் நாகலக்ஷ்மி. வெந்நீரில் துண்டைப் பிழிந்து போட்டாள். ஷ்யாமளா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அத்தனை வருஷம் தன் தோளில் வாங்கியது நாகலக்ஷ்மியின் விரலுக்குத் தெரிந்திருந்தது. தேடினாள், கண்டுபிடித்தாள், அழுத்தி நின்றாள். சின்ன முடிச்சுதான். மூச்சை விடச் சொன்னாள். ஏழெட்டு மூச்சு ஆயிற்று, ஆனால் இளகியது.

"எப்படி இருக்கு?"

ஷ்யாமளா தோளைச் சுழற்றிப் பார்த்தாள். "பரவாயில்லை மன்னி. ஆனா செண்பகம் கை வராது."

வாஸ்தவம்தான். அது நாகலக்ஷ்மிக்கும் தெரியும். இருந்தாலும் திரும்பி வரும் பஸ்ஸில், பாலத்துக்குக் கீழே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, செம்பூர் வருகிறவரை அவள் செண்பகவல்லியின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டே வந்தாள்.